காவலன் சீட்டும் என் பரிவட்டமும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்துவிட்டேன். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவன் சீட்டு விளையாடினேன் என்றால், எங்கள் தெருவில் காசு வைத்து ஆடியதாகவே முடிவு கட்டிவிடுவார்கள்.

வெளிநாட்டிலிருந்து மகளும் மருமகனும் வந்திருந்த சாரல் காலம். குற்றாலத்தில் வெள்ளம், குளிக்க விடவில்லை. அறை எடுத்த பாவத்துக்கு உள்ளேயே உட்கார்ந்து நேந்திரங்காய் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தோம். மருமகன் படம் போட்ட சீட்டுக் கட்டு ஒன்றை எடுத்தார். எனக்கு ஒரே ஆசை: அடுத்த வாரம் சுவாதி நட்சத்திரத்தன்று கீழப்பாவூர் நரசிம்மர் முன்னால் இருவரையும் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அவர்களோ மறுநாளே கிளம்புவதாக இருந்தார்கள்.

"நீங்க ஜெயிச்சா சுவாதி பாத்துட்டே போறோம், மாமா" என்றார்.

எனக்கு வந்தது ஒரு காவலன் சீட்டு. சொந்தப் பலம் இரண்டு. கூட நிற்கும் ஒவ்வொரு துணைச் சீட்டுக்கும் ஒன்று கூடும். மூன்று துணைகளை இறக்கினேன்.

"இப்ப அஞ்சு, மாமா."

அஞ்சு என்று வாயால் சொல்லிவிட்டார் அல்லவா? எங்கள் கோயில் கொடைத் திருவிழாவில் எனக்கு ஒருமுறை பரிவட்டம் கட்டினார்கள். அன்று எனக்காகப் பேசிய சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இன்று சென்னையில். மீதிப் பேரோடு பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் கொடை வந்தால் முதல் வரிசை எனக்குத்தான். மரியாதையைத் திரும்ப எண்ணிப் பார்க்கிற பழக்கம் எங்களிடம் கிடையாது. எண்ணினால் முதல் வரிசையே காலியாகிவிடும்.

அந்தத் தைரியத்தில் துணைகள் மூவரையும் முதலில் சண்டைக்கு அனுப்பினேன். மூவரும் செத்தார்கள். மருமகனிடம் மிஞ்சியது பலம் நான்குள்ள ஒரு கரடிச் சீட்டு. அது விழுந்தால் ஆட்டம் எனக்கு. காவலனை முன்னால் தள்ளினேன்.

"அஞ்சு. கரடி அவுட்டு."

"ரெண்டு, மாமா. அடிக்குத நேரத்துல யாரு கூட நிக்காங்களோ, அவங்களத்தான் எண்ணணும்."

"இப்பத்தான அஞ்சுன்னீங்க, மாப்பிள்ளை? கொடுத்ததப் பிடுங்குவாங்களா?"

"யாரும் பிடுங்கலப்பா" என்றாள் மகள். "நீங்களேதான் கொண்டுபோய்ச் சாகக் குடுத்துட்டு வந்தீங்க."

மனைவியைப் பார்த்தேன். சுவாதிக்கு அவளும் ஆசைப்பட்டவள்தான்.

"என்னைய ஏன் பாக்குதீங்க? கொடையில நிக்க மாதிரி இங்கனயும் நிக்க முடியுமா? கரடி வருது, ஒதுங்குங்க."

காவலன் விழுந்தான். மறுநாள் தென்காசியில் இருவரையும் ரயிலேற்றிவிட்டோம்.

சுவாதியன்று கீழப்பாவூரில் நல்ல கூட்டம். வழக்கம்போல் முண்டியடித்து முன்னால் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தேன். மனைவி தூணோரம் தனியாக நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் வந்து பக்கத்தில் நின்றேன். சொந்தப் பலம் இரண்டு, கூட ஒருத்தி, மூன்று. கரடிக்குக் காணாது. கும்பிடக் காணும். தூரத்தில் இருக்கிற இருவருக்காகவும் வேண்டிக்கொண்டோம்.

இதை யாரிடமாவது சொல்வதானால் உள்ளபடியே சொல்லுங்கள். நான் ஜெயித்ததாகக் கூட்டவும் வேண்டாம். கரடியின் பலத்தை நான்குக்கு மேல் ஏற்றவும் வேண்டாம்.