லேப் அக்கா கண்ட சர்க்கரை

சலவைக் கடைக்கு மேல்மாடியில் மூன்று அறைகள் கொண்ட ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் இருந்தது. முன்னறையில் ரத்தம் எடுப்பார்கள். நடு அறையில் இயந்திரங்கள். பின்னறையில் நுண்ணோக்கியும் கழுவுதொட்டியும். கீழே துணி உலர்த்தும் இயந்திரம் சுழலத் தொடங்கினால் மேலே நுண்ணோக்கி மேசை லேசாக அதிரும். அந்த நேரத்தில் அணுக்களை எண்ணினால் கணக்கு தப்பும் என்று, லேப் அக்கா எழுந்து தேநீர் போடப் போய்விடுவாள்.

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் லேப் அக்காதான். வயது நாற்பத்தொன்று. பத்தொன்பது வருடமாக அதே மாடிப்படியில் ஏறி இறங்குகிறாள். கை ராசியான கை. ஊசி ஏறியதே தெரியாது. அடம்பிடிக்கும் குழந்தைகளைக்கூட அவளிடம்தான் கூட்டி வருவார்கள். வாய் மட்டும் கொஞ்சம் அதிகம். ஏதாவது ஒரு முடிவு கோணலாக வந்துவிட்டால் போதும், "ஏன் இப்படி?" என்று துருவ ஆரம்பித்துவிடுவாள். முடிவுகளில் கையெழுத்துப் போடும் லேப் டாக்டர், வயதானவர், நல்லவர், ஆனால் அவளுடைய 'ஏன்' கேட்டாலே மூக்குக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நல்ல மழை. ஒரு ஈ காக்கை இல்லை. சிறுநீர் சோதிக்கும் காகிதப் பட்டைகள் புது டப்பாவில் வந்திருந்தன. புது டப்பாவைத் திறந்தால், குறை ஒன்றும் இல்லாத சிறுநீரில் ஒரு பட்டையை முக்கிப் பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. ஆளே வராத நாளில் அதற்கு எங்கே போவது? தன்னுடையதே இருக்கிறதே என்று ஒரு குப்பியோடு கழிப்பறைக்குள் போய்வந்தாள்.

பட்டையை முக்கி எடுத்தாள். சர்க்கரைக் கட்டம் நீலமாகவே இருந்திருக்க வேண்டும். பச்சையாகி, அரை நிமிடத்தில் பழுப்புக்கு வந்து நின்றது.

"டப்பாவே கெட்டுப் போச்சு" என்று முணுமுணுத்தபடி பழைய டப்பாவிலிருந்து ஒரு பட்டையை எடுத்து முக்கினாள். அதுவும் பழுப்பு. உட்கார்ந்து தன் விரலைத் தானே குத்தி ரத்தத்தைச் சோதித்தாள். நூற்றுப் பதினெட்டு. சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆன ஆளுக்கு அது அருமையான எண். ரத்தத்தில் சுமார் நூற்றெண்பதைத் தாண்டினால்தான் சர்க்கரை சிறுநீரில் இறங்கும் என்று முதல் வருடப் படிப்பிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்படியானால் இது எங்கிருந்து இறங்கியது?

டாக்டர் வந்ததும் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சில பேருக்குச் சிறுநீரகம் சர்க்கரையைச் சரியா பிடிச்சு வைக்காதும்மா. ஒண்ணும் பண்ணாது. விடு."

"ஏன் பிடிச்சு வைக்காது டாக்டர்?"

"மழை விட்டுடுச்சு பாரு. யாரோ வர்றாங்க" என்றார் டாக்டர்.

யாரும் வரவில்லை. அவளும் விடவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவள் தம்பி வந்தான். மாதா மாதம் சர்க்கரை பார்க்க வருகிறவன். ஊரில் அவனுக்கு 'டிரைவர்' என்று பெயர். வண்டியை விட்டு இறங்கிப் பதினோரு வருடம் ஆகியும் அந்தப் பெயர் மட்டும் இறங்கவில்லை. இருபத்து நாலு வயதில் நகரப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரே மாதத்தில் எடை குறைந்து, தாகம் அடங்காமல், முந்நூற்று நாற்பதில் சர்க்கரை வந்து நின்றது. ஒல்லியான வாலிபன் என்பதால், கணையம் செத்துப் போய்விட்டது, இனி ஆயுளுக்கும் இன்சுலின் ஊசிதான் என்று சொல்லிவிட்டார்கள். இன்சுலின் போடுகிறவர் பயணிகள் பேருந்தை ஓட்டக் கூடாது என்பது அவனுடைய பணிமனையின் விதி. அதனால் கருவிக் கிடங்கில் உட்கார வைத்தார்கள். அன்று முதல் மற்றவர்கள் ஓட்டும் வண்டிகளுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற வேலை.

"ஏன்டா, உனக்குச் சர்க்கரை வர்றதுக்கு முன்னாடி எப்பவாவது சிறுநீர் சோதிச்சிருக்காங்களா?" என்று கேட்டாள், அவன் கையில் பஞ்சை அழுத்தியபடி.

"வேலைக்குச் சேரும்போது பண்ணாங்க. அதுல சர்க்கரை இருக்குன்னு ஒரே கலாட்டா. அப்புறம் ரத்தத்துல இல்லன்னு விட்டுட்டாங்க. அப்ப எனக்கு இருபது வயசு. ஏன் கேக்கறே?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இப்ப ஊசி எவ்வளவு போடறே?"

"காலைல எட்டு, ராத்திரி ஆறு. ஆரம்பத்துலேர்ந்து அதே அளவுதான். என்னக்கா, போலீஸ் மாதிரி?"

"ஒருநாள்கூட விட்டதில்லையே?"

அவன் தரையைப் பார்த்தான். "திட்டக் கூடாது. போன வருஷம் சிநேகிதன் வீட்டுக்குப் போனேன்ல, அப்ப ஊசிப் பையை மறந்து வீட்டுலயே வச்சுட்டுப் போயிட்டேன். மூணு நாள் போடல. நல்லாத்தான் இருந்தேன்."

வேறு நாளாக இருந்தால் அவள் திட்டித் தீர்த்திருப்பாள். அன்று மனசு வேறு கணக்குப் போட்டது. கணையம் செத்த ஆள் மூன்று நாள் இன்சுலின் இல்லாமல் இருந்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அல்லவா கிடக்க வேண்டும்? இவன் நல்லாத்தான் இருந்தானாம்.

மறுநாள் ஞாயிறு. அப்பாவின் தங்கை வந்திருந்தாள். அத்தைக்கும் முப்பது வருடமாகச் சர்க்கரை உண்டு. செருப்பைக் கழற்றி விட்டு அவள் உள்ளே வந்ததுதான் தாமதம், லேப் அக்கா ஒரு குப்பியை நீட்டினாள்.

"அடியே, வீட்டுக்கு வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணி கொடுக்காம, நீ என்கிட்ட தண்ணி கேக்கறியா?" என்றாள் அத்தை.

"குடிச்சுட்டே கொடுங்க அத்தை. அவசரமில்ல."

அத்தையின் பட்டை அடர்பழுப்பாக வந்தது. அந்த நேரத்தில் அவள் ரத்தத்தில் நூற்று முப்பதுதான் இருந்தது.

"என்ன மாத்திரை போடறீங்க?"

அத்தை கைப்பையைக் கொட்டிக் காட்டினாள். பழங்காலத்து மாத்திரை, கணையத்தைத் தட்டி இன்சுலினை வெளியே விடச் சொல்கிற வகை. "முழுசா போட்டேன்னா தலை சுத்தி விழுந்துடுவேன். நகத்தால கிள்ளிப் பாதியாக்கித்தான் போடுவேன். டாக்டர்கிட்ட சொல்லாதே, அவர் முழுசா போடறதா நினைச்சிட்டிருக்காரு."

வழக்கமாக அந்த மாத்திரையை இரண்டு மூன்று போட்டும் சர்க்கரை இறங்காமல் புலம்புகிறவர்களை லேப் அக்கா தினமும் பார்க்கிறாள். அத்தைக்குக் கிள்ளிய பாதி போதும். அதுவும் முப்பது வருடமாக.

திங்கட்கிழமை டாக்டர் முன்னால் மூன்று தாள்களை வைத்தாள். தன்னுடையது, தம்பியுடையது, அத்தையுடையது. "தம்பிக்கு ஒரு சி-பெப்டைடு பார்க்கலாமா டாக்டர்?" என்றாள். உடம்பு தானாக இன்சுலின் சுரக்கிறதா என்று காட்டும் சோதனை அது. இந்த முறை டாக்டர் கண்ணாடியைக் கழற்றவில்லை. மூன்று தாள்களையும் இரண்டு தடவை படித்துவிட்டு, "பார்த்துடலாம்" என்றார்.

நாலு நாளில் முடிவு வந்தது. செத்துப் போனதாகச் சொன்ன கணையம் பதினோரு வருடமாக ஒழுங்காக வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தது. டாக்டர் தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதி, பெரிய ஆஸ்பத்திரியின் மரபணுப் பிரிவுக்கு அவர்களை அனுப்பினார்.

அங்கே இருந்த மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். பென்சிலால் குடும்பப் படம் வரைந்து, யார் யாருக்கு எந்த வயதில் வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, மூன்று பேரிடமும் ரத்தம் எடுக்கச் சொன்னார். எடுத்த நர்ஸைப் பார்த்து லேப் அக்காவால் சும்மா இருக்க முடியவில்லை. "கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்கம்மா" என்று சொல்லி முறைப்பு வாங்கிக்கொண்டாள்.

ஆறு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். மூவரின் ரத்தத்திலும் ஒரே மரபணுவில் ஒரே மாற்றம். ஹெச்.என்.எஃப். ஒன் ஆல்ஃபா என்ற புரதத்தைச் செய்கிற மரபணு அது. அத்தைக்கும் அப்பாவுக்கும் அவர்களைப் பெற்றவர்களில் ஒருவரிடமிருந்து வந்து, அப்பாவிடமிருந்து அக்காவுக்கும் தம்பிக்கும் இறங்கியிருக்க வேண்டும். அப்பா ஐம்பத்தெட்டில் போய்ச் சேர்ந்துவிட்டதால் அவரிடம் கேட்க வழியில்லை.

"அந்தப் புரதம் என்ன டாக்டர் பண்ணும்?" என்று லேப் அக்கா நாற்காலி நுனிக்கு வந்தாள்.

"உங்க உடம்புல கிட்டத்தட்ட எல்லாச் செல்லுலயும் ஒரே மரபணுத் தொகுப்புதான் இருக்கு. ஆனா எந்தச் செல்லும் எல்லாத்தையும் படிக்கறதில்ல. தனக்கு எது வேணுமோ அதை மட்டும் படிக்கும். எதைப் படிக்கணும்னு முடிவு பண்றதுக்குன்னே சில புரதங்கள் இருக்கு. அதுல ஒண்ணு இது. டிஎன்ஏவுல குறிப்பிட்ட இடத்தைத் தேடிப் போய் உட்காரும். அது உட்கார்ந்தா பக்கத்துல இருக்கற மரபணு நல்லாப் படிக்கப்படும். உட்காரலன்னா அந்த வேலை மந்தமாயிடும்."

"வெறுமனே உட்கார்றதுக்கா ஒரு புரதம்?"

"உட்கார்றதும் வேலைதாங்க."

"ஆமா ஆமா. எங்க லேப் டாக்டரும் உட்கார்ந்து கையெழுத்துதான் போடுவாரு. ஆனா அவர் வராத அன்னிக்கு ஒரு ரிப்போர்ட்கூட வெளிய போகாது."

மருத்துவர் சிரித்துவிட்டார். பிறகு தாளைத் திருப்பி ஒரு பக்கம் சிறுநீரகத்தையும் மறுபக்கம் கணையத்தையும் வரைந்தார். சிறுநீரகத்தில், வடிகட்டிய நீரிலிருந்து சர்க்கரையைத் திரும்ப ரத்தத்துக்கு இழுத்துவிடும் புரதம் ஒன்று உண்டு. அதைச் செய்யச் சொல்வதில் இந்த ஹெச்.என்.எஃப். ஒன் ஆல்ஃபாவுக்குப் பங்கு உண்டு. மரபணு மாற்றத்தால் இது குறையும்போது அதுவும் குறையும். ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கும்போதே சிறுநீரில் கசியும். கணையத்திலோ, சர்க்கரை ஏறியிருக்கிறது என்று செல் உணர்ந்து இன்சுலினை வெளியே விடுவதற்கு வேண்டிய பல மரபணுக்களை இதே புரதம்தான் படிக்க வைக்கிறது. இது குறைந்தால் செல்லில் இன்சுலின் இருக்கும், ஆனால் வெளியே விட வேண்டும் என்ற சேதி சரியாகப் போய்ச் சேராது.

"உங்க அத்தை போடற மாத்திரை அந்தச் சேதிக்காகக் காத்திருக்காது. நேரா கடைசிக் கதவையே திறந்துடும். அதனாலதான் கிள்ளின பாதியே போதுமா இருக்கு."

லேப் அக்கா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். சிறுநீரகம் எங்கே, கணையம் எங்கே! மழைநாளில் பழுப்பான பட்டையும், தம்பியின் ஊசியும், அத்தையின் நகமும் ஒரே புரதத்தில் வந்து கூடுகின்றன. படித்த பாடம் எல்லாம் இத்தனை நாள் தனித்தனி அலமாரியில் கிடந்ததுபோல அவளுக்குத் தோன்றியது. அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

தம்பியை ஆஸ்பத்திரியிலேயே நாலு நாள் வைத்துக்கொண்டு, மணிக்கொரு தடவை விரலைக் குத்திப் பார்த்து, இன்சுலினை நிறுத்தினார்கள். அத்தை போடும் அதே மாத்திரையில் கால்வாசி கொடுத்ததற்கே அவன் சர்க்கரை நூற்றுப் பத்துக்கு வந்து நின்றது. வீடு திரும்பும் வழியில் எதிரே வந்த ஒவ்வொரு பேருந்தையும் அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். மகிழ்ச்சியில்தான் பார்க்கிறான் போலும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வீட்டு வாசலில் சாவியைத் தேடும்போதுதான் அவன் வெடித்தான்.

"பதினோரு வருஷம்க்கா. ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே என் பதினோரு வருஷம் போச்சு. யாரோ தப்பாச் சொன்னாங்க, சரி. நீ லேப்லதானே இருக்கே? மாசா மாசம் நீதானே என் ரத்தத்தை எடுத்தே? உனக்கு ஒருநாள்கூடத் தோணலயா?"

அவளிடம் பதில் இருந்தது. கேட்கிற மாதிரி எந்த எண்ணும் வரவில்லை, ஊசி போட்டதால் எல்லாம் சரியாகவே இருந்தது, சரியான எண்ணைப் பார்த்து யார் சந்தேகப்படுவார்கள்? இதையெல்லாம் சொல்லியிருக்கலாம்.

"தோணலடா" என்றாள்.

அவன் கதவைத் திறந்து உள்ளே போனான். மூன்று வாரம் லேப் பக்கமே வரவில்லை. அந்த மூன்று வாரமும் அவள் பின்னறையில் பழைய பதிவேடுகளை இறக்கி வைத்து, அவனுடைய நூற்று முப்பது மாதத்து முடிவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் அவள் கையால் எழுதி வைத்தவை. எங்கேயாவது ஒரு கோணல் எண் தென்படாதா என்று தேடினாள். ஐந்தாவது வருடத்தில் மூன்று தடவை சர்க்கரை வெகுவாக இறங்கியிருந்தது. அப்போதுகூட, 'ஊசி அதிகம்' என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். ஊசியே தேவையா என்று எழுதவில்லை. அன்றிலிருந்து கோணலான முடிவைத் துருவுவதோடு நிறுத்தாமல், ரொம்ப ஒழுங்காக வருவதையும் கொஞ்சம் நின்று பார்ப்பது அவள் வழக்கமாயிற்று.

நாலாவது வாரம் தம்பி வந்தான். எதுவும் நடக்காததுபோல நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினான். "பணிமனையில காகிதம் கேக்கறாங்க. ஒரு வருஷம் சர்க்கரை ஏறி இறங்காம இருக்குன்னு காட்டினா, திரும்ப வண்டி தருவாங்களாம். சரியா எழுதிக் கொடு. உன் கோழிக் கிறுக்கல் அவங்களுக்குப் புரியணும்."

"ஏய், என் எழுத்துக்கு என்னடா?" என்றாள் அவள். அவ்வளவுதான் சமாதானம்.

ஒரு வருடம் கழித்து ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். புது வண்டிகளில் கியரே கிடையாது. கியரைத் தேடிய அவன் கை இரண்டு தடவை பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரியின் முழங்காலைப் பிடித்துவிட்டது. அவர் அதையும் மீறித் தேர்ச்சி என்று எழுதினார். முதலில் குறைந்த தூர வழித்தடம் ஒன்றைக் கொடுத்தார்கள். அவனுடைய ஒன்பது வயது மகளுக்கு இந்த மாற்றம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு வந்தபோது, இப்போதைக்கு வருடம் ஒருமுறை சர்க்கரை மட்டும் பார்ப்போம், மரபணுவை அவள் வளர்ந்து அவளே கேட்கட்டும் என்று தம்பியும் அவன் மனைவியும் முடிவு செய்தார்கள்.

லேப் அக்காவுக்கு இன்னும் மாத்திரை தேவைப்படவில்லை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் எண் மட்டும் நூற்றைம்பதைத் தொடத் தொடங்கியிருக்கிறது. என்றோ ஒருநாள் அவளுக்கும் வரும். அது அவளை அவ்வளவாகப் பயமுறுத்தவில்லை. வேறொன்றுதான் குடைந்தது. போன தடவை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது கேட்டுவிட்டாள்:

"டாக்டர், மூணு பேருக்கும் ஒரே மாற்றம்தான். அத்தைக்கு நாற்பதுக்குக் கிட்ட வந்தது. தம்பிக்கு இருபத்து நாலுல வந்தது. எனக்கு நாற்பத்து மூணு ஆகியும் வரல. ஏன்?"

மருத்துவர் பென்சிலைக் கீழே வைத்தார். "கொஞ்சம் கொஞ்சம் ஊகம் இருக்கு. கூட இருக்கற மத்த மரபணுக்கள், பிறக்கறதுக்கு முன்னாடி இருந்த சூழல், இப்படி. உங்க விஷயத்துல சரியா எதுன்னு கேட்டா, தெரியாது."

பத்தொன்பது வருடமும் அதற்கு மேலும் டாக்டர்களோடு பழகியவள் அவள். இவ்வளவு சுளுவாக ஒரு டாக்டர் தெரியாது என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"அதைக் கண்டுபிடிக்க ஒரு ஆய்வு நடக்குது. மாசம் ஒரு தடவை ரத்தம் கொடுக்கணும். சேர்றீங்களா?"

"சேர்றேன். ஆனா ஒரு நிபந்தனை" என்றாள் லேப் அக்கா. "ரத்தத்தை நானே எடுத்துக் கொடுத்துடறேன். உங்க நர்ஸ் ஊசியைச் சாய்ச்சுப் பிடிக்க மாட்டேங்கறாங்க."