ஹெல்மெட் கழற்றாத விமர்சகர்

கோலசிலாங்கூர் சாப்பாட்டுக் கடையில் அந்த இசை விமர்சகரைச் சந்தித்தேன். தேநீர் குடிக்கும்போதும் ஹெல்மெட்டைக் கழற்றாத மனிதர். அமெரிக்க கண்ட்ரி இசைப் பாணியில் ரப்பர்த் தோட்டத்துச் சோகத்தைப் பாடி நான் வெளியிட்ட ஆல்பத்தைக் கேட்டிருந்தார். நான் வளர்ந்ததோ புஞ்சாக் ஆலாம் அடுக்குமாடியில். அவர் பாராட்டினால்தான் கித்தாரை வீட்டுக்குள் விடுவேன் என்று மனைவி சொல்லியிருந்தாள்.

“எல்லாப் பாட்டுலயும் ஏன் தம்பி மூக்கடைச்ச மாதிரி அழுவுற? பால்மரம் வெட்டுனவங்ககூட இவ்ளோ அழுவல லா!”

“அப்ப ஒண்ணுமே தேறலயாண்ணே?”

“கடைசில தவள கத்துது பாரு, அது பிரமாதம் லா.”

சுங்கை புரோங் வயலோரம் பாடி முடித்தபின், பதிவை நிறுத்த மறந்திருந்தேன்.

கேலியா, பாராட்டா? ஹெல்மெட்டுக்குள் தெரிந்த பாதி முகத்தை வைத்து இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. மனைவியிடம் அப்படியே சொன்னேன்.

தவளையை வீட்டுக்குள் விடலாம் என்றாள்.