ஆறு மணிக் கரண்டு

ஈப்போவில் எங்கள் வீட்டு ஹாலை விட்டு அந்த வாடை இன்னும் போகவில்லை. ஊதுபத்தி கொளுத்தினேன், ஜன்னலைத் திறந்து வைத்தேன். கருகின வாடைக்கு மானரோஷம் கிடையாது போல. அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

எல்லாம் என் புத்தியால் வந்தது. ஆயுத பூஜைக்கு சுத்தியல், ஸ்பேனர், மோட்டார் சைக்கிள் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தவன், அக்காவின் பழைய கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். பூஜையில் வைத்ததை மறுநாள் ஒரு தடவையாவது ஓட்ட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கமாச்சே. எத்தனையோ வருஷமாகத் தூங்கின, கம்ப்யூட்டருக்குக் கரண்டு கொடுக்கிற சின்னப் பெட்டியைச் சோதிக்காமல் அப்படியே சொருகிவிட்டேன், பெரிய இன்ஜினியர் மாதிரி. அதற்குத் திரையாகப் பொருத்தியிருந்த டிவியில் ஒரு விநாடி நீலத் திரை வந்தது. அக்கா கைதட்டினாள். அப்புறம் கருப்பு. அப்புறம் இந்த வாடை.

அக்காவுக்கு இப்போது ஞாபகம் சரியில்லை. என்னைப் பார்த்து, "வாங்கண்ணே, சாப்பிட்டீங்களா?" என்கிறாள். பழகின சாமான் எதையாவது காட்டிப் பாருங்கள் என்றார் டாக்டர். அதற்குத்தான் பரணிலிருந்து அதை இறக்கினேன்.

அந்தக் காலத்தில் நாங்கள் குடியிருந்த கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்திலும் ஒருமுறை இதே வாடை அடித்தது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்குக் கரண்டு சாயந்திரம் ஆறுக்கு வரும், பத்துக்குப் போய்விடும். கரண்டு எடுக்கிற இஞ்சினை நிறுத்தப் போகிறோம் என்று சொல்ல, விளக்கை ஒரு தரம் மங்க வைத்துக் காட்டுவார்கள். மங்கின கரண்டு திரும்ப ஏறும்போது குதிக்கும். அப்படிக் குதித்ததில்தான் பக்கத்து வீட்டு ரேடியோ புகைந்தது. அன்றிலிருந்து விளக்கு லேசாகச் சோர்ந்தாலே போதும், தன் கம்ப்யூட்டரைக் காப்பாற்ற அக்கா என்னை விரட்டுவாள்.

"தம்பி, பிளக்கப் புடுங்குலா. இது போச்சுன்னா நான் எங்க போவேன்?"

தோட்ட ஆபீசில் அவளுக்கு டைப்பிங் வேலை. ஐந்தரைக்கே குளித்து, பவுடர் பூசி, வீட்டில் இந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள், பெண் பார்க்க யாரோ வருகிற மாதிரி. புத்தகத்தைப் பார்த்து அடிக்கிற புரோகிராமைச் சேமிக்க வழியில்லை, பத்து மணிக்கு எல்லாம் அழிந்துபோகும். மறுநாள் ஆறுக்கு மறுபடி முதல் வரியிலிருந்து. அலுத்துக்கொண்டதே இல்லை. எனக்குத்தான் அலுக்கும், டிவியில் படம் பார்க்க முடியாதே.

அந்தத் துள்ளுகிற கரண்டில் அவள் காப்பாற்றி வைத்ததை, இந்த ஒழுங்கான கரண்டில் நான் கொன்றுவிட்டேன்.

மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஐந்து வோல்ட் தர வேண்டிய பெட்டி ஒன்பது தந்தது. வேறு பெட்டி மாற்றினேன். கருப்பு. மூடியைக் கழற்றித் தொட்டால் மெமரி சில்லுகள் தோசைக்கல்லாய்ச் சுட்டன. அதையும் தருவித்து மாற்றினேன். கருப்பு. பக்கத்து ஊரான காம்பாரில் ரிப்பேர் பார்க்கிறவரிடம் கொண்டுபோனேன்.

"போர்டே போச்சுண்ணே. சும்மா அழகுக்கு வச்சுக்கிங்க."

அந்தத் தோட்டத்தில் இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனைதான். லயமும் இல்லை, இஞ்சின் வீடும் இல்லை. அக்கா மட்டும் ஐந்தரைக்குப் பவுடர் பூசிக்கொண்டு வந்து அந்தச் செத்த கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறாள்.

"தம்பி, கரண்டு வந்துருச்சா?"

நாள் முழுக்க அண்ணனாக இருக்கிற நான், அந்தக் கேள்விக்கு மட்டும் தம்பி. மெதுவாகப் போய் விளக்கை அணைக்கிறேன், காற்றாடியையும் நிறுத்துகிறேன். அப்புறம்தான் பதில் சொல்கிறேன்.

"இன்னும் வரலக்கா."