மூன்று பெட்டிப் பருப்பு

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் ஒரு ரயில் கம்பனியின் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை, நாள் முழுக்கக் காதில் போனை மாட்டிக்கொண்டு இருப்பதுதான். மேற்கே சமவெளியில் இருக்கும் கமக்காரர்கள் தங்கள் தானியத்தை ஏற்ற வெறும் ரயில் பெட்டி கேட்டுப் போன் எடுப்பார்கள். எந்தக் கிழமை எத்தனை பெட்டி வரும் என்று நான் பார்த்துச் சொல்வேன். அகதியாக வந்து நாலு வருடம் கோப்பை கழுவியவனுக்கு அது ராச உத்தியோகம். மோர்னிங்சைடில் எங்கள் கட்டடத்துச் சனம் என்னை 'ரெயில்வேக்காரர்' என்று நக்கலடித்தது. எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

இரண்டாம் வருடம் எங்கள் கம்பனியும் அதோடு போட்டிபோட்டுக்கொண்டிருந்த இன்னொரு ரயில் கம்பனியும் ஒன்றாகின. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். கமக்காரனும் அதுவரை அப்படித்தான் பிழைத்தான். நீ பெட்டி தராவிட்டால் மற்றவனிடம் போவேன் என்று வெருட்டலாம். இப்போது இரண்டு தண்டவாளமும் ஒரே முதலாளிக்கு. நூறு பெட்டியை ஒரே மூச்சில் நிரப்பக்கூடிய பெரிய இடங்களுக்கு மட்டும் ரயில் போனது. கிளை லைனில் இரண்டு மூன்று பெட்டி கேட்பவனை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் 'இல்லை' என்று மட்டும் சொல்லிவிடாதே, ஓர்டர் பதிவாகியிருக்கிறது என்று சொல், அவ்வளவுதான் என்றார் சுப்பவைசர்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு கிழவர் கிழமைக்கு இரண்டு தரம் எடுப்பார். என்னை 'சன்' என்று கூப்பிடுவார். மூன்று பெட்டி நிரம்பக்கூடிய பருப்பு அவரிடம் இருந்தது. நாங்கள் சோற்றோடு தின்னும் அதே மைசூர்ப் பருப்பு. அது கனடாவில் விளைகிறது என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதை எப்படித் தின்பீர்கள் என்று கேட்டார். தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சுவோம் என்றேன். தான் ஒருநாளும் தின்றதில்லை என்று சிரித்தார். துறைமுகத்தில் அதை வாங்க இருந்தவன் நவம்பர் முடியும் மட்டும்தான் காத்திருப்பான். அவருடைய பண்ணைக்குக் கிட்ட இருந்த ஏற்றுமிடம் கிளை லைனில் இருந்தது. பெரிய லைன் நூறு மைலுக்கு அப்பால்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் நேரடியாகவே கேட்டார். "ஒளிக்காமல் சொல்லு, சன். பெட்டி வருமா, வராதா? லொறிக்காரன் ஒருவன் வெள்ளிக்கிழமை வரை எனக்காகப் பொறுத்திருக்கிறான். வராது என்றால் அவனைப் பிடித்துப் பெரிய லைனுக்குக் கொண்டுபோய்விடுவேன்."

வராது என்று எனக்குத் தெரியும். அந்த லைனுக்கு ஒரு பெட்டிகூட ஒதுக்கவில்லை. ஆனாலும் வாய் வரவில்லை. உதவி கேட்டு வருகிறவரிடம் எங்கள் ஆட்கள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வதில்லை. 'பாக்கிறன்' என்போம். கேட்டவருக்கு விளங்கிவிடும், வேறு வழி தேடிப் போய்விடுவார். யாழ்ப்பாணக் கச்சேரியில், அந்த அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர் 'பாக்கிறன்' என்று சொன்னதை நம்பி எவனும் வீட்டில் குந்தியிருந்ததில்லை. நான் அதைத்தான் இங்கிலீசில் சொன்னேன்.

"ஐ வில் சீ ரு இற் (I will see to it)."

அந்தப் பக்கம் அவர் பெரிதாக மூச்சு விட்டது கேட்டது. கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள். "அவருக்கு எங்கேயிருந்து பெட்டி எடுக்கப் போகிறாய்?"

"எடுத்துத் தருகிறேன் என்று நான் சொல்லவில்லையே."

"அதைத்தான் சொன்னாய். நான் பொறுப்பு, செய்து முடிக்கிறேன் என்று சொன்னாய்."

வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அவருடைய நம்பர் என் முன்னால் கிடந்தது. இதை எழுதும்போதும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது. பிழையாகச் சொன்னது பாஷை தெரியாத குற்றம், திருப்பி எடுத்துச் சொல்லாதது என்னுடைய குற்றம். நாங்கள் பேசும் போன் கோல் எல்லாம் பதிவாகும். 'இல்லை' என்று சொன்ன ஒருவனைப் போன மாதம்தான் வேலையால் நிற்பாட்டியிருந்தார்கள். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்.

"உங்களுக்கென்ன விசரே? ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்கோவன்."

"சொன்னால் வேலை போயிடும்."

"போனா வேற வேலை. அந்த மனுசன் உங்களை நம்பியெல்லோ இருக்கப்போகுது."

"சரி, நாளைக்குப் பாக்கிறன்" என்றேன்.

அவளுக்கு விளங்கிவிட்டது. எழும்பிப் போனாள்.

வெள்ளி போனது. நவம்பரும் போனது. கிழவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. நம்பியவர் ஏன் எடுக்கப் போகிறார்? ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் அவராக இருக்குமோ என்று நினைத்துத்தான் எடுப்பேன். வேறு யாரோவாக இருந்தால் அப்பாடா என்றிருக்கும். அந்த நிம்மதியைப் போலக் கேவலம் வேறில்லை.

தை மாதம் கிழவர் திரும்பப் போன் எடுத்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன், அவர் ஏசவில்லை. நவம்பர் முழுக்க ஏற்றுமிடத்துத் தண்டவாளத்தில் விழுந்த பனியைத் தானே சவளால் அள்ளினாராம், பெட்டி வரும்போது வழி கிடக்கவேண்டும் என்று. வாங்க இருந்தவன் வேறு ஆளிடம் வாங்கிவிட்டான். பருப்பு அப்படியே கிடக்கிறது. கடனை அடைக்க நிலத்தை அயலவனுக்கு விற்கக் கையெழுத்து வைத்தாகிவிட்டது.

"அதனால் என் ஓர்டரை வெட்டிவிடு, சன். அந்த மூன்று பெட்டியும் வேறு யாருக்காவது போகட்டும்."

அப்படி மூன்று பெட்டி எங்கேயும் இருக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அந்தக் கம்பனியில் எனக்காகப் பாடுபட்டது நீ ஒருவன்தான். நன்றி."

"யூ ஆர் வெல்கம்" என்றேன்.