டிரான்ஸ்போஸ் பட்டன் இல்லாத வினாத்தாள்

கொட்டிவாக்கம் மாதா கோயிலில் லாரன்ஸ் கீபோர்டு வாசிக்கத் தொடங்கிப் பத்தொன்பது ஆண்டு, நான்கு மாதம். பாடற்குழுப் பதிவேட்டின்படி அவர் வராத ஞாயிறுகள் பதினொன்று. அதில் ஒன்று அவருடைய கல்யாணத்துக்கு மறுநாள்.

பிழைப்பு, தி. நகரில் ஓர் இசைப்பள்ளியில். 2023 ஜூனில் அங்கே முதல்வராக வந்த பிரபாகர், மேற்கத்திய இசையில் ஐந்தாம் கிரேடு தியரித் தேர்வில் தேறாதவர்களுக்கு டிசம்பரோடு வேலை இல்லை என்று சுற்றறிக்கை விட்டார். மீன் இத்தனை நாள் நீந்தியது சரி, நீச்சல் சான்றிதழ் எங்கே என்பதுதான் கேள்வி.

லாரன்ஸ் புத்தகம் வாங்கினார். மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலித்தால் கார்டு. இரண்டு கார்டுகளால் ஒரு வரியை முடித்துவைத்தால் கேடன்ஸ். ‘பெர்ஃபெக்ட்’ என்றால் பாட்டு முடிந்தது, ஜனங்கள் உட்காரலாம். ‘இம்பெர்ஃபெக்ட்’ என்றால் காணிக்கைத் தட்டு இன்னும் பின்வரிசைக்குப் போகவில்லை. இப்படித்தான் அவர் மனப்பாடம் செய்தார்.

மனைவி டயானாவுக்கு மட்டும் ஆறவில்லை. “இன்னாய்யா இது? எங்கம்மா முப்பது வருசமா மீன் வெட்டினு கீது. எத்தினி முள்ளுன்னு எவனாவது பரிச்ச வெச்சானா?”

“வெச்சா உங்கம்மா பாஸாயிடும். என் கதைதான் தெரில.”

ஆகஸ்டில் எழுதினார். மதிப்பெண் நூற்றுக்கு 51. தேற 66 வேண்டும்.

அதே பள்ளியில் வயலின் கற்பிக்கும் இஃப்ரா, அவர் எழுதிய விடைகளை ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதித் தரச் சொன்னார். கேடன்ஸ் கேள்வி டி மேஜர் சுருதியில். விடை ஏ, டி. லாரன்ஸ் எழுதியது ஜி, சி. அடுத்தது பி ஃபிளாட்டில். அதற்கும் ஜி, சி.

“அண்ணே, எல்லாமே சி மேஜர்ல கீது. பட்டன் மேல கைய வெச்சுக்கினே எழுதுனீங்களா?”

“வெள்ளக் கட்டைலதாம்மா வெரல் போவுது.”

எந்தப் பாட்டானாலும் சி மேஜரில் வெள்ளைக் கட்டைகளில் வாசிப்பார். பாடுகிறவர் கேட்கும் சுருதிக்கு டிரான்ஸ்போஸ் பட்டன் ஏற்றிக்கொடுக்கும். பத்தொன்பது ஆண்டுகளாக மற்ற பதினொரு சுருதிகளையும் வாசித்தது அந்தப் பட்டன்தான். வினாத்தாள் அச்சிட்டவர்கள் அதை வைக்க மறந்துவிட்டார்கள்.

நவம்பரில் மறுபடி எழுதியபோது வேறு வழி கண்டார். முதலில் சி மேஜரில் பென்சிலால் எழுதுவது, பிறகு ஒவ்வொரு சுரமாக எண்ணி ஏற்றுவது, பழையதை அழிப்பது. பட்டன் அரை நொடியில் செய்வதை அவர் ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிடத்தில் செய்தார். மீதி இரண்டு நிமிடத்தில் கடைசிக் கேடன்ஸை ஏற்றி முடிப்பதற்குள் தாளைப் பிடுங்கிவிட்டார்கள். மதிப்பெண் 67.

பிரபாகர் கைகுலுக்கினார். “கங்கிராட்ஸ் சார். தியரி எடுக்கிறவர் வேலைய விட்டுட்டார். இனிமே நீங்கதான் எடுக்கணும்.”

“நானா சார்?”

“சர்டிஃபிகேட் இருக்கே!”

2024 ஜனவரி 8, திங்கள், மாலை ஐந்து மணிக்கு ஆறாம் கிரேடு வகுப்பு. மாணவர்கள் ஒன்பது பேர். ஐந்தாம் கிரேடில் எண்பதுக்குக் கீழே வாங்கியவர் அந்த அறையில் ஒருவர்தான். அவர் கரும்பலகை அருகே நின்றார்.