கப்டனை வெளியில எடுங்கோ

பிள்ளைகளே, பேசாலை மைதானத்தில் நான் கண்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் கப்டன். பயிற்றுநர் வெளிநாடு போன பிறகு அந்த வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. மீசை நரைத்துவிட்டது. வலது முழங்காலில் எப்போதும் துணி சுற்றியிருப்பார். கப்டன் பட்டியைப் பல்லால் இழுத்துத்தான் கையில் கட்டுவார்.

அன்று இறுதி ஆட்டம், இரு பக்கமும் சம கோல். அவர் நொண்டி நொண்டி ஓடினார்.

"கோச், அந்தக் கிழட்டுக் கப்டனை வெளியில எடுங்கோ!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

"எடுக்க வேண்டிய கோச்சும் நான்தானே அண்ணை!"

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. பட்டியைக் கழற்றித் தன் ஆட்களிடம் நீட்டினார். "ஆராவது கட்டுங்கோடா. நான் வெளியில போறன். கால் ஏலாது."

ஒருவரும் கை நீட்டவில்லை.

"தோத்தா ஊர் எங்களைத் திண்டுபோடும். நீங்களே வைச்சிருங்கோ கப்டன்" என்றான் கோல் காப்பாளன்.

அவர் மறுபடியும் பட்டியைப் பல்லால் இழுத்துக் கட்டினார்.

நாங்கள் வென்றோம். "அடுத்த வருசமும் நீங்கள்தான்!" என்று கத்தியபடி அவரைத் தோளில் தூக்கி மைதானத்தைச் சுற்றினார்கள். முழங்காலைப் பிடித்தபடி, "என்னை இறக்குங்கோடா" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த ஆரவாரத்தில் ஒருவரும் இறக்கவில்லை.