சட்டையின் இடது பக்கச் சுருக்கம்

மாலை ஐந்தரை மணிக்கு மாஸ்டர் தன் வீட்டின் பின்கதவு வழியாக வெளியே போய், முன்கதவு வழியாக வீட்டுக்கு வருவார். நடுவில் ஒரு சந்து, ஒரு குப்பைத்தொட்டி, இரண்டு திருப்பம். சந்து முழுக்க சைக்கிளை உருட்டிக்கொண்டே போவார். தெருமுனை வந்ததும் ஏறி உட்கார்ந்து, எட்டே மிதியில் வாசலுக்கு வந்து, பெல்லை இரண்டு தரம் அடிப்பார். ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக. "ஏங்க, இன்னைக்கு இவ்ளோ நேரமா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்காகத்தான் இந்தச் சுற்று முழுவதும்.

தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் அவருக்குத்தான் மூளையில் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டிவிட்டார்கள். அவர் மறுக்கப் போகவில்லை. பொதுவாகவே அவர் எதையும் மறுத்துப் பேசுகிற ஆள் இல்லை. பேசுகிற ஆளே இல்லை.

கோளாறு அவர் மனைவிக்கு. மூன்று வருடமாக மறதி நோய். முதலில் சாவி வைத்த இடத்தை மறந்தாள், பிறகு அடுப்பை அணைக்க, பிறகு ஒரே மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதை. கடைசியில் அவர் முகமும் போயிற்று. பகலில் துணைக்கு இருக்கும் அம்மாள் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவதால், மாஸ்டர் அதற்குள் கடையிலிருந்து சத்தமில்லாமல் பின்பக்கமாக வந்து, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தூங்கி எழுந்து வரும் மனைவி அவரைப் பார்த்ததும் கலைந்த முடியைக் கோதிக்கொண்டு கதவோரமாக நின்றுகொள்வாள்.

"சார், மீட்டர் வெளியில இருக்குங்க."

"பாத்துட்டேம்மா. குறிச்சுக்கிட்டேன்."

"அப்ப கெளம்புங்க சார். எங்க வீட்டுக்காரரு வர்ற நேரம். யாரு என்னன்னு கேப்பாரு."

"சரிங்கம்மா" என்று எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடமான மனிதர் தன் வீட்டைவிட்டுக் கிளம்புவார். கரண்ட் ஆபீசில் இப்படித் தினமும் தவறாமல் ஆள் அனுப்பினால் ஊரே வாயைப் பிளக்கும்.

மாஸ்டர் தையற்காரர். புதுத்துணி தைப்பதைக் குறைத்துக்கொண்டு பல வருடமாயிற்று. கால்சட்டையை நீளம் குறைப்பது, சட்டையை இடுப்பில் பிடிப்பது, பெருத்தவர்களுக்கு ஒரு இஞ்ச் விடுவது, இளைத்தவர்களுக்கு அதைத் திரும்ப எடுப்பது, இதுதான் வேலை. உதட்டில் எப்போதும் நாலைந்து குண்டூசி இருக்கும். வாடிக்கையாளர் எது கேட்டாலும் தலையாட்டலிலேயே பதில் முடிந்துவிடும். அதே கடையில் காஜா எடுக்கிற, பட்டன் கட்டுகிற அக்கா ஒருத்தி உண்டு. இருபது வருடமாக இரண்டு பேருக்குமான பேச்சை அவள் ஒருத்தியே பேசிக்கொண்டிருக்கிறாள். "மாஸ்டர், வாயில இருக்கிற ஊசிய முழுங்கித் தொலச்சிட்டாவது ரெண்டு வார்த்த பேசுங்களேன்" என்பாள். அதற்கும் தலையாட்டல்தான்.

ஊருக்கெல்லாம் மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுக் கொடுக்கிறவரின் சட்டையில் மட்டும் ஒரு குறை உண்டு. இடது இடுப்புக்குச் சற்றுப் பின்னால், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சுருக்கம். எல்லாச் சட்டையிலும் அதே இடம். துணி அங்கேதான் முதலில் நைந்துபோகும். அதனால் எந்தச் சட்டை தைத்தாலும் அந்த இடத்தில் உள்பக்கமாக ஒரு ஒட்டுத்துணி வைத்துத் தைத்துக்கொள்வார். இஸ்திரிப் பெட்டி அந்த இடத்துக்கு வரும்போது சுற்றி வளைத்துக்கொண்டு போகும். அதன் மேல் ஏறாது.

சைக்கிள் கேரியரில் ஒருபக்கமாக உட்காரும் மனைவி வலது கையால் பிடித்துக்கொள்கிற இடம் அது.

கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். காய்கறிக்கு, மருந்துக் கடைக்கு, மகளைப் பள்ளியில் விட்டுவர, பிறகு மகளின் கல்லூரிக்குப் பணம் கட்ட, எல்லாம் அந்தக் கேரியரில்தான். பைக் வாங்கச் சொன்னார்கள், கேட்கவில்லை. சர்க்கரை எட்டிப் பார்த்தபோது டாக்டர், "சைக்கிளை மட்டும் விட்டுடாதீங்க, அதான் உங்கள ஓட்டிக்கிட்டிருக்கு" என்றார். அவர் சொன்னது சர்க்கரையை. ஆனால் விஷயம் வேறு. மாஸ்டர் சைக்கிளில் ஏறினால்தான் பேசுவார். ஊசியைத் துப்பிவிட்டு ஏறுகிற ஒரே இருக்கை அதுதான். எவனுக்கு வயிறு பெருத்தது, எவள் மகனின் பழைய சட்டையை மருமகனுக்கென்று சின்னது பண்ணக் கொடுத்தாள், எல்லாக் கதையும் ஹேண்டிலைப் பார்த்துக்கொண்டே பின்னால் இருப்பவளுக்குச் சொல்வார். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து இறக்கம் வந்தால் மட்டும் சட்டை இறுகும். "மெதுவா போங்க, உயிரு ஒண்ணுதான் இருக்கு" என்பாள் அவள். முப்பத்து நான்கு வருடமும் அதே இடத்தில், அதே வார்த்தை.

முகம் கொடுத்துப் பேசாத மனிதரை, அவர் முதுகை வைத்துத்தான் அவள் அடையாளம் கண்டிருக்கிறாள். எல்லாம் போன பிறகும் அது மட்டும் மிஞ்சியிருந்தது. பெல் சத்தம் கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து ஏறிவிடுவாள். ஏறியதும் கை தானாக அந்த இடத்துக்குப் போகும். அந்த முக்கால் மணி நேரம் மாஸ்டருக்கு மனைவி உண்டு. இறங்கி, திரும்பி, முகத்தைப் பார்த்தால் போச்சு, மீட்டர்காரர் வந்துவிடுவார்.

ஒருநாள் மீட்டர்காரரிடம் அவள் மனம்விட்டுப் பேசினாள். "எங்க வீட்டுக்காரரு நல்ல மனுசன்தான் சார். கை நீட்டுனதில்ல. ஆனா சைக்கிள்ல போறப்ப மட்டும்தான் எங்கிட்ட பேசுவாரு. வீட்டுக்குள்ள காலெடுத்து வெச்சா வாயில ஊசிதான். நானும் வாசல்ல எறங்காம அப்படியே இன்னொரு சுத்து போலாம்னு கேக்கணும்னு நெனப்பேன். கேட்டதில்ல."

மாஸ்டர் அன்றும் வழக்கம்போல, "சரிங்கம்மா" என்று எழுந்து போனார். அவள் சொன்னதை மறுநாள் கடையில் அவரே வாய்திறந்து சொன்னார். காஜா அக்காவுக்கு ஊசி கையில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து தினமும் இரண்டு சுற்று. பட்ட கடனை அடைப்பதுபோல் மூச்சிரைக்க மிதித்தார்.

போன மாதம், இரண்டாவது சுற்றில், தண்ணீர்த் தொட்டி இறக்கத்துக்கு முன்னால் ஒரு வேன் பின்வாங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் ஒரு காலை ஊன்றி நின்றார். வேன் போனதும் மிதித்தார். சைக்கிள் லேசாக இருந்தது. இறக்கம்தானே என்று நினைத்துக்கொண்டார். பேச்சு சுவாரசியம் வேறு: ஒரு பெரிய மனிதர் ஒரே கால்சட்டையை மூன்றாம் முறையாக விடச் சொல்லிக் கொண்டுவந்த கதை. கதை முடிகிற இடத்தில் சிரித்துக்கூட விட்டார். பழக்கடைக்காரர் கையை ஆட்டி, "பெரியவரே, அம்மா அங்கயே உக்காந்திருக்காங்க!" என்று கத்திய பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

இறக்கத்தின் தொடக்கத்தில், தார்ச்சாலையில், அவள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். இடது முழங்கை தோலுரிந்து, மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. அழவில்லை. மூச்சு வாங்க ஓடிவந்து குனிந்தவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், எங்க வீட்டுக்காரரு போயிட்டாரு சார். சைக்கிள்ல. பேசிக்கிட்டே போறாரு. திரும்பியே பாக்கல."

மகள் மறுநாளே வந்தாள். அம்மாவின் கைக்கட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "அம்மாவுக்கு உங்க சட்டையப் புடிக்கணும்ங்கிறதே மறந்து போச்சுப்பா. உங்களுக்குப் புரியுதா இல்லியா? இன்னொரு தடவ சைக்கிள்ல ஏத்துனீங்க, அம்மாவ எங்கூடக் கூட்டிட்டுப் போயிருவேன். அப்புறம் நீங்க வந்து பாத்துட்டுப் போங்க." கோபத்தில் சொன்னதல்ல என்பதுதான் மாஸ்டரை அறுத்தது. அவள் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. தலையாட்டினார்.

காரில் கூட்டிக்கொண்டு போகலாம் என்றாள் மகள். அதையும் பார்த்தார்கள். காரில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தானே உட்கார வேண்டும்? முதுகுக்கு அங்கே வேலை இல்லை. மனைவி ஜன்னலோரம் ஒண்டிக்கொண்டு, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி ஓட்டுநரிடம், "தம்பி, இவரு யாருன்னே தெரியல, கேக்காம ஏறிட்டாரு" என்று சொன்னாள். தெரு தாண்டுவதற்குள் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார் மாஸ்டர்.

அதன் பிறகும் ஐந்தரைக்குப் பின்கதவு, சந்து, குப்பைத்தொட்டி, பெல். "இவ்ளோ நேரமா?" என்று அவள் செருப்போடு வருவாள். இவர் டயரைக் குனிந்து அழுத்திப் பார்ப்பார்.

"பங்க்ச்சர்மா. நாளைக்குப் போலாம்."

"நேத்தும் பங்க்ச்சர்னீங்க?"

நேற்றைய பொய் அவள் நினைவில் இருந்ததில் மாஸ்டருக்கு எவ்வளவு சந்தோஷம் என்கிறீர்கள்! கடையில் காஜா அக்காவிடம் வலியப் போய்ச் சொன்னார். அக்கா குனிந்து பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டையின் இடது பக்கம் சில நாட்களாகச் சுருக்கமே இல்லாமல் சிலேட்டு மாதிரி இருப்பதை அவள் கவனித்திருந்தாள்.

போன வாரம் ஒருநாள் பெல் அடித்தார். ஒன்று நீளம், ஒன்று குட்டை. குரல் வரவில்லை. மறுபடி அடித்தார். கதவு கொஞ்சமாகத் திறந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். சைக்கிளைப் பார்த்தாள், பெல்லின் மேல் இருந்த விரலைப் பார்த்தாள்.

"நாளைக்கு வாங்க சார். வீட்டுல யாரும் இல்ல."

கதவைச் சாத்திக்கொண்டாள். மாஸ்டர் வாசலில் இருட்டும்வரை நின்றார். அவர் அழுததைத் தெரு பார்த்தது. சத்தம் போட்டுத்தான் அழுதார், மறைக்கவில்லை.

அதற்கு அடுத்த நாளிலிருந்து சைக்கிள் வீட்டுக்குள் நிற்கிறது. கூடத்தில், வலது பக்கம் சுவரை ஒட்டி, ஸ்டாண்டு போட்டு. மகளுக்குக் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டிருக்கிறது. சைக்கிள்தான் எங்கேயும் போவதில்லையே. பகல் துணைக்கு இருக்கும் அம்மாள் ஐந்து மணிக்குக் கிளம்புமுன் மனைவியைத் தூக்கிக் கேரியரில் உட்காரவைத்து, முதுகைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போகிறாள். கேரியருக்கு மாஸ்டர் பஞ்சு வைத்து மெத்தை தைத்திருக்கிறார். நல்ல தையல். முன்னால் ஏறி உட்கார்ந்து மிதிக்கத் தொடங்குகிறார். தரையில் படாத பின்சக்கரம் கூடத்தின் காற்றைச் சுற்றுகிறது.

"மருந்துக் கடை வந்தாச்சு. அந்தக் கடைக்காரன் பையனுக்குக் கோட்டு தெக்கக் குடுத்திருக்கான், தோள் ரெண்டும் ஒரே அளவுல இல்ல. நம்ம பொண்ணு படிச்ச பள்ளிக்கூடம் பாரு, பெயின்ட் அடிச்சிருக்காங்க. இன்னிக்கு எறங்க வேணாம், இன்னொரு சுத்து போலாம். கேட்டுச்சா? நீ கேக்கவே வேணாம், நானே சொல்றேன். இன்னொரு சுத்து."

பின்னாலிருந்து மூச்சு மட்டும் வருகிறது. அவள் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"தண்ணித் தொட்டி எறக்கம் வருது."

மிதிப்பதை நிறுத்திக் காத்திருக்கிறார். சக்கரம் தானாகச் சுற்றி ஓய்கிறது. முப்பத்து நான்கு வருடமாக அந்த இடத்தில் வந்த வார்த்தை வரவில்லை.

இடது கையைப் பின்னால் நீட்டி, அவள் வலது கையைத் துழாவி எடுத்து, தன் இடுப்பில் வைத்து, விரல் ஒவ்வொன்றாக மடக்கிச் சட்டையைப் பிடிக்க வைத்தார். கையை எடுத்ததும் அது நழுவி மடியில் விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தார். மறுபடி விழுந்தது. மாஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. அதே இடத்தில், ஒட்டுத்துணி வைத்துத் தைத்த அந்த இடத்தில், தன் சட்டையைத் தானே கொத்தாகப் பிடித்துக் கசக்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் ஹேண்டிலைப் பற்றியபடி மிதிக்க ஆரம்பித்தார்.